இன்னும் ஒரே ஒரு சுற்று

தோற்பதற்காக இரண்டு வருஷம் பயிற்சி எடுத்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கே தோற்க வேண்டும் என்பதும் எனக்கு முன்கூட்டியே தெரியும். முப்பத்தெட்டாவது சுற்று முடிந்து, முப்பத்தொன்பதாவதுக்கு மணி அடிக்கும்போது.

போட்டியின் விதி சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். அதை ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் மிச்ச நிமிஷங்களில் சாப்பிடலாம், காலை நீட்டலாம், உட்கார்ந்து அழலாம், உங்கள் இஷ்டம். மணி அடிக்கும்போது அடுத்த சுற்றுக்குக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காதவர் வெளியே. ராத்திரி பகல் கிடையாது, இத்தனை சுற்றுதான் என்ற கணக்கும் கிடையாது. ஒரே ஒருவர் மிஞ்சும் வரை இப்படியே போகும். அப்படி மிஞ்சியவர் கடைசியாக ஒரு சுற்று தனியாக ஓடி முடித்தால் அவர்தான் ஜெயித்தவர். அதோடு சரி. எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, பத்து சுற்று ஓடுவேன் என்று அவர் தலைகீழாக நின்றாலும் விட மாட்டார்கள். ஆக, ஜெயிக்கிறவர் எத்தனை சுற்று ஓடலாம் என்பது தோற்கிறவர் கையில் இருக்கிறது. தோற்கிறவர் முப்பத்தெட்டில் நின்றால் ஜெயித்தவருக்கு முப்பத்தொன்பது. அதற்கு மேல் அரை அடி கிடையாது.

எங்கள் ஊர் ஓட்டக் கிளப் கேப்டனுக்கு வேண்டியது நாற்பது. நாற்பது ஓடியவருக்கு உலகப் போட்டியிலிருந்து அழைப்பு வரும். இரண்டு வருஷம் முன்னால் இதே மைதானத்தில் அவர் முப்பத்தொன்பது ஓடி ஜெயித்தார். கூட ஓடியவர் முப்பத்தெட்டில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கேப்டன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த மனிதர் தனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று பேப்பர்காரரிடம் மூக்கால் அழுதார். அந்தச் செய்தியை என் தம்பி டயாலிசிஸ் படுக்கையில் படுத்தபடி ஃபோனில் வாசித்துக் காட்டினான்.

"அவரோட நாப்பது அவர் கால்ல இல்லக்கா. கூட ஓடற ஆளோட கால்ல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சும்மாதான் சொன்னான். எனக்கு அது சும்மாவாகப் படவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். நானூறு மீட்டர் தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பதறிப்போய் யாருக்காவது ஃபோன் பண்ணவா என்று கேட்டார். பழி வாங்கப் போய்க்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று அவரிடம் சொல்லவா முடியும்?

என் தம்பி பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். கேப்டன் நடத்துகிற ஓட்டக் கிளப்பில் அவர்தான் அவனுக்குத் தெய்வம். கிளப் பனியனில், முதுகுப் பக்கம், கேப்டன் சொன்ன வாசகம் அச்சடித்திருக்கும்: அவனவன் ஓட்டம் அவனவனுக்கு. மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் பந்தயம் ஒன்று வந்தது. கேப்டனுக்குத் துணையாக, வேகம் பிடித்துக் கொடுக்க, என் தம்பி கூட ஓடினான். தீ மாதிரி வெயில். பாதி வழியில் தம்பிக்கு முட்டி வீங்கிவிட்டது. நின்றுவிடுகிறேன் என்றவனுக்குக் கேப்டன் தன் பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். முதலில் இரண்டு, அப்புறம் இரண்டு, மறுபடியும் இரண்டு. அந்த வெயிலில், தண்ணீர் வற்றிப்போன உடம்பில், அத்தனை மாத்திரை. சாலை போடுகிறவர்கள் அவனைப் பார்த்தபோது அவன் விழுந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. உயிர் பிழைத்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

விசாரணை வைத்தார்கள். கேப்டன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'மாத்திரையை எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டார். பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை.' அவர் பேச்சு எடுபட்டது. மாத்திரை போட்டு ஓடுகிறவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று பள்ளிக்கூடமும் அவனை வெளியே அனுப்பியது. வாரத்தில் மூன்று நாள் அவன் ரத்தத்தை மெஷின் சுத்தம் பண்ணுகிறது. அதைக்கூடச் சகித்துக்கொண்டான். தெருவில் பழைய மாணவர்கள் எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குள் புகுந்துவிடுகிறான். அதுதான் என் வயிற்றை எரித்தது.

நான் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். துவைத்த விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் வருவதை மடிக்கிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். டயாலிசிஸ் வார்டு விரிப்புகள் தனி மூட்டையாக வரும். ஓரத்தில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு இருக்கும். எது என் தம்பியுடையது என்று தேடக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். தேடாத நாள் கிடையாது.

இந்த வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஷிப்டு நடுவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. செய்ததையே திரும்பச் செய்ய எனக்கு அலுப்பும் கிடையாது. நானூறு மீட்டர் நாலு கிலோமீட்டர் ஆனது. பிறகு வேலையிலிருந்து வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர் தினமும் ஓடினேன். லீவு நாட்களில் ஐம்பது, அறுபது. போன வருஷம் வேறொரு ஊரில் இதே மாதிரி போட்டியில் இருபத்துநாலு சுற்று ஓடிவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்கும் போனேன். நாற்பத்தாறு வயதில் இவளுக்கு என்ன கிறுக்கு என்று சலவைக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் வாய் வலிக்கும்போது நிறுத்திக்கொள்வார்கள்.

தம்பியிடம் என் திட்டத்தைச் சொல்லவில்லை. கேப்டன் பேச்சை எடுத்தாலே "விடுக்கா" என்று எழுந்து போய்விடுவான். அக்கா ஜெயிக்கப் போகிறாள் என்று நம்பித்தான் எனக்கு உதவியாள் மாதிரி வந்தான். வெள்ளிக்கிழமை காலை டயாலிசிஸ் முடிந்து, கையில் பிளாஸ்திரியோடு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம்.

ஆட்கள் முப்பத்தொரு பேர். போட்டி நடத்துகிறவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரை எல்லோரும் டிப்போ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு வெண்கல மணி, கழுத்தில் ஒரு விசில். மணிக்கு மூன்று நிமிஷம் முன்னால் மூன்று விசில், இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. பெற்ற பிள்ளை ஓடிவந்தாலும் ஒரு நொடி பொறுக்க மாட்டார் என்று அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கேப்டன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். விளையாட்டு எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்றார். என் தம்பியின் தோளைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் மாஸ்டர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேறு விசாரித்தார். தம்பி தலையைக் குனிந்து என் பாட்டிலில் தண்ணீர் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர், டீ சூப் எல்லாம் சேர்த்து. தாகம் தாங்கவில்லை என்றால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வான். அவன் கையால் எனக்கு மணிக்கு அரை லிட்டர் அளந்து கொடுத்தான். தோளைத் தட்டிய அந்தக் கையை அப்படியே சூட்டு உருளைக்குள் விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

முதல் இருபது சுற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மைதானத்தைத் தாண்டிக் கிடங்குகளின் பின்பக்கச் சந்து, பிறகு தண்ணீர்க் குழாய் ஓரமாக மண்பாதை, ஒரு மேடு, மறுபடி மைதானம். மேட்டில் நடப்பேன், இறக்கத்தில் ஓடுவேன், ஐம்பத்திரண்டாவது நிமிஷம் வந்து சேர்வேன். தம்பி எனக்காக ஒரு மடக்கு நாற்காலி விரித்து வைத்திருந்தான். அதில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நின்றபடியே உப்புப் போட்ட உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுக் கோட்டுக்குப் போய்விடுவேன். பத்தில் ஐந்து பேர் போனார்கள், பதினைந்தில் எட்டுப் பேர், இருபத்துநாலில் மொத்தமாகப் பத்துப் பேர். கேப்டன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தப் பொம்பிளை அடுத்த சுற்றில் விழுவாள், அடுத்த சுற்றில் விழுவாள் என்று அவர் தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைத் தம்பி வந்து சொன்னான்.

இரண்டாம் நாள் இரவு மரங்களிலெல்லாம் விரிப்புகள் காயப்போட்டிருந்தார்கள். கிட்டப் போனால் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவ்வளவு விரிப்பையும் யார் மடிப்பது என்ற கவலை என்னை விடவில்லை. வலது கால் கட்டைவிரல் நகம் ஷூவுக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். கேப்டன், ஒரு தபால்காரர், நான். முப்பத்து மூன்றாவது சுற்று முடிந்து வந்த தபால்காரர் கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டார்.

அந்த நிமிஷத்திலிருந்து கேப்டனுக்கு என் மேல் வந்த பாசத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற அம்மாகூட என்னை அப்படித் தாங்கியது கிடையாது. அவருக்கு வைத்திருந்த சூப் எனக்கு வந்தது. கிளப்பில் கால் பிடித்துவிடுகிற ஆளை என்னிடம் அனுப்பினார், அந்த ஆள் என் கெண்டைக்காலை நின்ற நிலையிலேயே நீவிவிட்டார். பாதையில் கல் கிடந்தால் கேப்டன் முன்னால் போய்க் காலால் தள்ளிவிடுவார். சிஸ்டர், இப்படி வாங்க. சிஸ்டர், இங்க பள்ளம். பேச்சில் தேன் ஒழுகியது. நான் இல்லாவிட்டால் அவருக்கு நாற்பது இல்லை. போன தடவை ஒருவர் முப்பத்தெட்டில் உட்கார்ந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை தன் கையாலேயே ஊட்டி வளர்த்து என்னை முப்பத்தொன்பது தாண்ட வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

முப்பத்தைந்தாவது சுற்றில் குழாய் ஓரம் வாந்தி எடுத்தேன். உருளைக்கிழங்கு, சூப், எல்லாம் வெளியே. குனிந்து நின்ற என் முதுகை அவர் தடவிக்கொடுத்தார். தன் பாட்டிலைத் திறந்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, மீதியைக் குடிக்க வைத்தார். அவசரமே இல்லை, நேரம் இருக்கிறது, நான் நிற்கிறேன் என்றார். நேரமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றில் நாங்கள் ஐம்பத்தெட்டாவது நிமிஷம்தான் போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் நின்றார். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன், தாகம் அப்படி. குடித்து முடித்ததும் வெறுப்பு இன்னும் கூடியது. என் தம்பிக்குப் பக்கத்திலும் இப்படி நின்றிருக்கலாமே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முப்பத்தெட்டாவது சுற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. வெளிச்சம் வந்துவிட்டது, மரங்களிலிருந்த விரிப்புகள் போய்விட்டன. மேட்டில் நடந்துகொண்டே, இரண்டு வருஷமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"கேப்டன், இந்தச் சுத்தோட நான் நிறுத்திக்கிறேன்."

களைப்பு என்றுதான் முதலில் நினைத்தார். சர்க்கரை குறைந்திருக்கும், வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும், கால் பிடிக்கிறவரிடம் சொல்கிறேன் என்று அடுக்கினார். கால் நன்றாக இருக்கிறது, வயிறும் சரியாகிவிட்டது, இன்னும் நாலு சுற்று என்னால் ஓட முடியும், ஆனால் ஓட மாட்டேன் என்றேன். இருபது அடி தூரம் நடந்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ரெண்டு வருஷமா இதுக்காகவா ஓடுனீங்க?"

"இதுக்காகத்தான்."

அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி ஓடிய வாரங்கள், போன நகங்கள், மருந்துக்கடை வாசல், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முகம் ஈடு கட்டிவிட்டது. சொல்லப்போனால் மிச்சமே இருந்தது.

கெஞ்ச ஆரம்பித்தார். "இன்னும் ஒரே ஒரு சுத்து சிஸ்டர். ஒண்ணே ஒண்ணு. நீங்க முப்பத்தொம்பதை முடிச்சாப் போதும், நாப்பதை நான் தனியா முடிச்சுக்குவேன். எனக்கு அம்பத்திரண்டு வயசு. அடுத்த வருஷம் இந்தக் கால் இருக்காது."

நான் நடையை நிறுத்தவில்லை. மேட்டு உச்சியில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். என்ன வேண்டும் உங்களுக்கு, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அவருக்கு நாற்பது கிடைக்கக் கூடாது என்பதோடு என் யோசனை நின்றுவிட்டிருந்தது. ஆனால் அவர் கேட்டதும், அடுத்த தெருவுக்குள் புகுந்து போகிற என் தம்பியின் முதுகு கண் முன்னால் வந்தது.

"மைக்ல சொல்லுங்க. மாத்திரை நீங்க குடுத்ததுன்னு, விசாரணையில எழுதினது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"சொன்னா ஓடுவீங்களா?"

"சொன்னா ஓடுவேன். நான் சொன்ன சொல் மாறினதில்ல."

அது உண்மை. சலவைக்கூடத்தில் என்னைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள், வாய்க்கொழுப்பு பிடித்தவள், சிடுமூஞ்சி, எல்லாம். சொன்னதை மாற்றுவாள் என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். அவருக்கு நாற்பதைக் கொடுப்பது எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரிதான் இருந்தது. ஆனாலும் தம்பியின் பெயர் திரும்பக் கிடைக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போய் நிமிர்ந்து நின்று பேச முடியும். அதற்காக நாற்பது என்ன, தொலையட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இறக்கத்தில் இருவரும் வேகமாகவே ஓடினோம்.

மைதானத்துக்குள் வந்தபோது மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. போட்டியிலிருந்து விலகியவர்கள் போர்வையோடு சுற்றி நின்றார்கள். கிளப்காரர்கள், விசாரணையில் உட்கார்ந்த இரண்டு பேர், நாற்பதை எழுதிக்கொண்டு போக வந்த பேப்பர்காரர், எல்லோரும் இருந்தார்கள். கேப்டன் நேராக மேஜைக்குப் போய் டிப்போவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் தம்பி உருளைக்கிழங்குத் தட்டோடு என் பக்கத்தில் நின்றான்.

ஆரம்பத்தில் வழவழவென்றுதான் இழுத்தார். அன்று இரண்டு பேருமே சில தவறுகள் செய்துவிட்டோம், வெயில் அதிகம், மாஸ்டருக்கும் ஆர்வம் அதிகம் என்று போனது. நான் கோட்டுக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றேன். மூன்று விசில் கேட்டது. அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாத்திரை நான்தான் குடுத்தேன். ஆறு மாத்திரை. அவர் வேணாம்னுதான் சொன்னார், நான்தான் போட வெச்சேன். விசாரணையில பொய் எழுதினேன்."

பேப்பர்காரர் எழுதிக்கொண்டிருந்தார். என் கண் நிறைந்துவிட்டது. நான் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். தம்பியின் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். இரண்டரை வருஷமாகக் கேப்டன் பேச்சு வந்தாலே எழுந்து போகிறவன் அவர் முன்னால் போய் நின்றான்.

"தண்ணியையும் சொல்லுங்க கேப்டன்."

"அது வேணாம் மாஸ்டர்" என்றார் கேப்டன். மைக் திறந்திருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

இரண்டு விசில். கேப்டன் மறுபடி என்னைப் பார்த்தார். எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. தம்பி என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். முப்பத்தெட்டு மணி நேரம் தூங்காத மனுஷர், ஒளிக்கவும் அவரிடம் தெம்பு இல்லை.

"அவர் விழுந்ததும் தண்ணி கேட்டார். அவர் பாட்டில்ல பாதி இருந்தது. என்னோடது காலி. அவர் பாட்டிலை நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டு கிலோமீட்டர்ல தண்ணி இருக்கு, மெதுவா எந்திரிச்சு வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

டிப்போ போட்டி முழுக்க விசிலைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறந்ததில்லை. அவர் கேட்டார், அங்கே தண்ணீர் இருந்ததா என்று. பதினோரு கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது என்றார் கேப்டன். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒருத்தன் பின்னால் கிடக்கிறான் என்று யாரிடமாவது சொன்னீர்களா என்று டிப்போ விடவில்லை. நேரம் போய்விடும் என்று சொல்லவில்லை என்றார் கேப்டன்.

நான் என் தம்பியைப் பார்த்தேன். இதையும் எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஓடப் பழகியிருக்க மாட்டேன், நேராக அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். அது தெரிந்துதான் இரண்டரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். நாள் முழுக்க ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து அளந்து குடிக்கிறவன், குடிக்கும்போதெல்லாம் எதை நினைத்துக் குடித்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழாய் ஓரத்தில் அந்த ஆள் கொடுத்த தண்ணீரை நான் குடித்திருந்தேன்.

ஒரு விசில். கேப்டன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து கோட்டுக்குள் என் தோளை உரசிக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டேன் சிஸ்டர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார். மூச்சு வாங்கியது, முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது. பாரம் இறங்கியவர் முகம். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர் பாரத்தை இறக்கி வைப்பாராம், நான் கூடவே ஓடி இவருக்கு நாற்பதை எடுத்துக் கொடுப்பேனாம்.

கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன். தம்பி விரித்து வைத்திருந்த மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு மணி நேரத்தில் முதல் தடவையாக.

"வாக்குக் குடுத்தீங்க" என்றார் கேப்டன்.

"குடுத்தேன். அவனும் தண்ணி கேட்டான்."

டிப்போ மணியை அடித்தார். கோட்டுக்குள் ஒரே ஒரு ஆள். ஓடத் தொடங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தச் சுற்றை முடித்தால் ஜெயிப்பார், முப்பத்தொன்பதோடு. போன தடவையும் அதேதான். யாரும் கை தட்டவில்லை. கிளப் பனியன் போட்டவர்கள்கூட அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். மேஜைப் பக்கத்திலிருந்து என் தம்பிதான் பேசினான், வாத்தியார் பிள்ளைகளிடம் பேசுகிற நிதானத்தோடு.

"போங்க கேப்டன். ரெண்டு கிலோமீட்டர்ல தண்ணி இருக்கு."

அவர் போனார். போகும்போது முதுகில் அந்த வாசகம் தெரிந்தது. கிடங்குச் சந்து திரும்பும் வரை நான் கண் எடுக்காமல் பார்த்தேன்.

தம்பி என் முன்னால் மண்டியிட்டு ஷூ கயிற்றை அவிழ்த்தான். சாக்ஸ் நகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வலிக்கிறதா என்றான். வலிக்கவில்லை என்றேன். ஏன் சொல்லவில்லை என்று நான் அவனைக் கேட்கவில்லை, இதற்காகத்தான் ஓடினாயா என்று அவனும் என்னைக் கேட்கவில்லை. அவன் பையிலிருந்த பாட்டிலில் இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டேன். இப்போதுதானே விடிந்திருக்கிறது, முழு லிட்டரும் இருக்கிறது என்றான். என் எதிரில் இரண்டு மிடறு குடித்தான். எப்போதும் ஒரு மிடறுதான் குடிப்பான்.

கேப்டன் ஐம்பத்தொன்பதாவது நிமிஷம் திரும்பி வந்தார். டிப்போ பலகையில் முப்பத்தொன்பது என்று எழுதி அடியில் கோடு போட்டார். கேப்டன் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, இன்னும் ஒரே ஒரு சுற்று, தனியாகவே ஓடிவிடுகிறேன், விடுங்கள் என்று கேட்டார். போட்டி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு டிப்போ மணியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

சொன்ன சொல்லை மாற்றினது உறுத்தவில்லையா என்று சலவைக்கூடத்தில் பேப்பர் படித்த ஒருத்தி கேட்டாள். திங்கட்கிழமை, நொண்டிக்கொண்டே ஷிப்டுக்குப் போயிருந்தேன். இல்லை என்றேன். டயாலிசிஸ் மூட்டையைப் பிரித்து, முதல் விரிப்பை உருளைக்குள் விட்டேன்.